சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்

பணம் பற்றாமல் பாதியில் நிற்பதாக என்னிடம் வந்தவற்றில், இந்த வருஷம் இது நான்காவது வீடு. திருநெல்வேலி மானூர் பக்கம், 1200 சதுர அடி, லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னல் உயரத்தோடு நிற்கிறது. மகன் துபாயில். அங்கிருந்தே ஒரு செயலியில் சதுர அடியைத் தட்டியிருக்கிறார், 24 லட்சம் என்று வந்திருக்கிறது. அந்த அளவுக்கே வங்கிக் கடன். வேலையைப் பார்த்துக்கொண்ட அப்பா என்னிடம் வந்து கேட்டார்: "செல்லுல 24தான காட்டிச்சு சார், நீங்க முப்பதைத் தாண்டும்னு சொல்லுதியளே?"

மனை கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும்; மானூர்க்காரருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டி மண் கிடைக்க எட்டடிக்கு வானம், அதாவது கடைக்கால் பள்ளம், தோண்ட வேண்டியிருந்தது. செயலி மண்ணைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சதுர அடி ரேட் என்பது, கட்டி முடித்த வீட்டின் மொத்தச் செலவைப் பரப்பால் வகுத்தால் வரும் எண். கணக்கின் கடைசி வரி அது. எல்லாரும் அதை முதல் வரியாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். 25க்கு 40 வீடும் 1000 சதுர அடிதான், 20க்கு 50 வீடும் 1000தான். முதலாவதற்கு வெளிச்சுவர் 130 அடி, இரண்டாவதற்கு 140. அந்த 10 அடிக்கும் வானம், கடைக்கால், கான்கிரீட் பெல்ட், பூச்சு, பெயிண்ட் எல்லாம் உண்டு. அதே 1000ஐ கீழே 500, மேலே 500 என்று கட்டினால் கடைக்கால் நீளம் குறையும், மாடிப்படி கூடுதல். உள்ளே இரண்டு அறையா, நான்கா? சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சேர்த்தா, சேர்க்காமலா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ரேட்டில் எதை விட்டிருக்கிறார் என்று ஒருவராவது கேட்டீர்களா?

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ப்ளூபிரிண்டில் ஸ்கேல் வைத்து இரண்டு நாள் எடுத்த அளவை இன்று கேட் (CAD) என்கிற கணினி வரைபடத்திலிருந்து அரை மணியில் எடுக்கிறேன். வீட்டையே கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்க்கிற பிம் (BIM) மாடலில் ஒரு சுவரை நகர்த்தினால் செங்கல் கணக்கும் கூடவே மாறுகிறது. ஆனால் வரையாததை அது எண்ணாது, விலையையும் நாம்தான் போட வேண்டும். திருநெல்வேலி டவுன் ரத வீதியை ஒட்டிய சந்துகளில் லாரி நுழையாது. எம் சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்த மணலை, குட்டியானை வண்டியில் மாற்றி அடிக்கிற கூலி எந்தச் செயலியில் இருக்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. உங்கள் செயலி எந்தத் தேதி ரேட் போடுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் யூனிட் கூத்து. எம் சாண்ட் 30 கன மீட்டர் என்றது செயலி, ஒருவர் 30 யூனிட் ஆர்டர் சொல்லிவிட்டார். யூனிட் என்றால் 100 கன அடி, கிட்டத்தட்ட 2.83 கன மீட்டர். தெருவில் பாதி அவர் எம் சாண்ட்தான்.

கடன் வாங்குவதற்கு முன்பே மனையில் இரண்டு இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். ஜேசிபிக்கு ஒன்றிரண்டு மணி நேர வாடகைதான் ஆகும். எஸ்டிமேட்டை ஒற்றை எண்ணாக வாங்காதீர்கள். கான்கிரீட் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ என்று வேலைவாரியாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, குழிக்குள் உங்கள் அப்பாவை இறங்கச் சொல்லாதீர்கள், ஓரம் சரியும். மேலே நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும்.