முறுக்குத் தண்டில் ஒளிந்திருக்கும் வெர்னியர்

அமெரிக்காவில் 1970களிலும் 1980களிலும் விற்பனையான, எம்ஜி டிடி என்ற பழைய பிரிட்டிஷ் விளையாட்டுக் காரின் தோற்றம் கொண்ட கிட் கார்களில் (பாகங்களாக வாங்கி, வாங்கியவரே பொருத்திக்கொள்ளும் கார்கள்) சில, பின்பக்கம் மட்டும் தூக்கலாக நிற்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1950 முதல் 1953 வரை தயாரான அசல் எம்ஜி டிடியில், தண்ணீரால் குளிரும் 1250 சிசி எஞ்சின் முன்னால் இருந்தது. கிட் காரிலோ ஃபைபர் கிளாஸ் உடலுக்கு அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளம். போல்ட்டுகளைக் கழற்றிப் பீட்டிலின் மேலுடலை அகற்றிவிட்டால், எஞ்சினும் சக்கரங்களும் அடித்தளத்தோடு தனியே நிற்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் எம்ஜியில் 94 அங்குலம், பீட்டிலில் 94.5 அங்குலம் என்பது கிட் தயாரித்தவர்களின் அதிர்ஷ்டம். எஞ்சின் பின்னால் இருந்து காற்றால் குளிர்வதால், முன்புற ரேடியேட்டர் கிரில் வெறும் அலங்காரமே. இதற்காக இவற்றைப் போலி என்று ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. காயலான் கடைக்குப் போகவேண்டிய பீட்டிலைத் தன் கையாலேயே வேறொரு காராக்கியவர் இயந்திரவியலைக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பீட்டிலின் பின் சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை கோரிய முறுக்குத் தண்டு. காரின் குறுக்கே கிடக்கும் இந்த எஃகுத் தண்டின் உள்முனை அசையாமல் பொருத்தப்பட்டிருக்க, வெளிமுனையில் உள்ள கரம் சக்கரத்தைத் தாங்குகிறது. சக்கரம் மேலேறும்போது தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்பட்டு, மீண்டும் நேராக முயல்கிறது. மேலுள்ள எடை குறைந்தால் முறுக்கமும் குறையும். ஆகவே, பீட்டிலின் இரும்பு உடலைவிட இலகுவான உடலைப் பொருத்தும்போது பின்பகுதி உயர்ந்துவிடுகிறது.

அதைத் தாழ்த்தும் வழியில்தான் பொறியியலின் அழகு இருக்கிறது. தண்டின் இரு முனைகளும் பற்களால் கவ்விப் பொருந்துகின்றன: உள்முனையில் 40 பற்கள், கரம் மாட்டும் வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையைக் கழற்றி ஒரு பல் நகர்த்திப் பொருத்தினால் தண்டும் கரமும் 9 பாகை திரும்பும். கரத்தை வெளிமுனையில் ஒரு பல் மட்டும் எதிர்த்திசையில் நகர்த்தினால் ஏறத்தாழ 8.18 பாகை பின்வாங்கும். எஞ்சுவது 0.82 பாகை. கரத்தின் நீளம் 40 செ.மீ. என்று கொண்டால், இது சக்கரத்தின் பக்கம் 6 மி.மீ.க்குச் சற்றே குறைவான நகர்வு. இரு முனைகளிலும் 40 பற்களே இருந்திருந்தால், மிகச் சிறிய திருத்தமே 6 செ.மீ.க்கு மேல் போயிருக்கும்!

பியேர் வெர்னியர் 1631இல் விளக்கிய அளவுகோலின் தத்துவமும் இதுவே: சற்றே வேறுபட்ட இரு பிரிவுகளின் வித்தியாசமே நுண்ணளவாகிறது. நம் பள்ளி ஆய்வகங்களில் இது ஓர் உலோகக் குண்டின் விட்டத்தையும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணையும் தாண்டுவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

திருத்தம் செய்வோர், எடை நீங்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் கரம் கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணத்தை இரு பக்கமும் அளந்து, அதைச் சம அளவில் குறைக்க வேண்டும். இடத் தண்டும் வலத் தண்டும் தத்தம் திசையில் முன்கூட்டியே முறுக்கிப் பதப்படுத்தப்பட்டவை என்பதால், கழற்றியவற்றை இடம் மாற்றிப் பொருத்தக் கூடாது.