புகார் கொடுத்த பையன் சாயங்காலம் எந்த பஸ்ஸில் போவான்?

பள்ளிக்கூடச் சாதிச் சண்டை என்றாலே எல்லாரும் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கயிற்றை அறுக்க வைப்பது சுலபம். மறுநாளே அதே கலர் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஏறிவிடும். தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, புகார் வந்த அன்றைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது.

வழக்கமாக இரண்டு பேரையும் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிடுவார்கள். "கை குடுங்கடா" என்பார்கள். இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதி வாங்குவார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். இதற்குப் பெயர் சமாதானமாம்! யார் புகார் கொடுத்தது என்பது அந்த நிமிடமே வெட்டவெளிச்சம்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியல் சாதி மாணவன், பள்ளியில் விசாரித்தபோது உள்ளதைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் சக மாணவர்கள் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு போன்ற அடையாளங்களுக்குத் தடை, அகர வரிசைப்படி உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள். நல்லவைதான். ஆனால் வகுப்பில் அகர வரிசையில் உட்காரும் பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்குத் தெரு வாரியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

புகார் சொன்ன பிள்ளையைத் தனியாக வைத்துப் பேசுங்கள். எதிராளியை அதே நாளில், புகார் சொன்னவன் பெயரைச் சொல்லி விசாரிக்காதீர்கள். அன்று மாலை புகார் சொன்ன பிள்ளை யாரோடு, எந்த வழியில் வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். பெற்றோரை வரவழைத்துக் கையோடு அனுப்புங்கள். மிரட்டல், காயம் இருந்தால் போலீசுக்குப் போவதைப் பள்ளியின் பெயர் கெடும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

புகாரே வராத இடத்தில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு பள்ளியில் அடிக்கடி லீவு போட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சோம்பேறி என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து தினமும் நான்கு பேர் பையை அவன்தான் சுமந்து வந்திருக்கிறான். "ஏன் லீவு?" என்று கேட்டவரைக்கும் காய்ச்சல் என்றான். "பஸ்ல யார்கூட வர்ற?" என்று கேட்டதும் அழுதுவிட்டான்.

அப்புறம், அந்த நான்கு பேரையும் விட்டுவிடக் கூடாது. அவர்களுக்குக் கயிறு வாங்கிக் கொடுக்கும் ஊர் அண்ணன்கள் யார் என்பது பெற்றோருக்கே பல நேரம் தெரிவதில்லை.

பள்ளியில் சொல்லப் பயந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.