ஹைபர்னேஷன்: தூங்காத தூக்கத்துக்கு என்ன பெயர்?

அலாஸ்காவின் மண்ணுக்குள் வளை தோண்டி, ஆர்க்டிக் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் பந்துபோலச் சுருண்டு கிடக்கும். 1989இல் பிரையன் பார்ன்ஸ் என்ற விலங்கியலாளர் அதன் உடலுக்குள் வெப்பநிலையை அளந்தார். கருவி காட்டிய எண் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ். தண்ணீர் பனிக்கட்டியாகும் அளவுக்கும் கீழே போயும் அணிலின் ரத்தம் உறையவில்லை, உயிரும் போகவில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தரை அணில்கள் குளிர்காலம் முழுக்க ஒரே மூச்சில் அப்படிக் கிடப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சேர்த்துவைத்த பழுப்புக் கொழுப்பை எரித்து, நடுநடுங்கி, உடலை 36, 37 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்கின்றன. கையிருப்புக் கொழுப்பில் பெரும்பங்கு இந்தச் சூடேற்றத்துக்கே போய்விடுகிறது. இவ்வளவு செலவு செய்து எழுந்து என்ன செய்கின்றன? பெரும்பாலும் தூங்குகின்றன. 1991இல் வந்த மூளை அலை ஆய்வுகள் இதைக் காட்டின. சூடேறிய அணிலின் மூளையில் தெரிந்தது, பல நாள் தூக்கம் கெட்ட விலங்கு தூங்குகிற ஆழ்ந்த தூக்கம். காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆனாலும் அந்த அணில், தூங்குவதற்காகவே ஹைபர்னேஷனிலிருந்து எழுந்து வருவதுபோல நடந்துகொள்கிறது.

நாம் பள்ளியில் அதற்குப் படித்த பெயர் ‘குளிர்கால உறக்கம்’.

தமிழை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீனமும் ஜப்பானியமும் ‘குளிர்காலம், உறக்கம்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத்தான் இதை எழுதுகின்றன. ஜெர்மன் மொழியில் ‘வின்டர்ஷ்லாஃப்’, அதாவது குளிர்காலத் தூக்கம். ஆனால் ஜெர்மன்காரர்கள் அதோடு நிற்கவில்லை. கரடிக்கு ‘குளிர்கால ஓய்வு’ என்றும், தவளைக்கும் பல்லிக்கும் ‘குளிர்கால விறைப்பு’ என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் மூன்றும் கிடைதான், உள்ளே நடப்பது வேறுவேறு என்று யோசித்திருக்கிறார்கள்.

சரி, மூலச் சொல்லில் தூக்கம் இருக்கிறதா? இல்லை. லத்தீனில் ‘ஹைபர்னாரே’ என்றால் குளிர்காலத்தைக் கழிப்பது, அவ்வளவுதான். ரோமானியப் படைகள் குளிர்காலத்தில் போரை நிறுத்திவிட்டுத் தங்கும் முகாமுக்குப் பெயர் ‘ஹைபர்னா’. போர்வீரன் அங்கே தூங்கவில்லை, வசந்தம் வருகிறவரை காத்திருந்தான். இன்னும் ஒரு படி பின்னால் போனால் குளிர்காலத்தைக் குறிக்கும் ‘ஹியெம்ஸ்’ என்ற லத்தீன் சொல் வரும். சமஸ்கிருதத்தின் ‘ஹிம’வும் இதே வேரில் கிளைத்தது. ஹேமந்தம் அதிலிருந்து வந்தது, நம்முடைய இமயமும் அதே வழியில் வந்தது. அலாஸ்கா அணிலின் கிடைக்கும் இமயமலைக்கும் ஒரே பாட்டி!

ஆக, உறக்கம் நாம் சேர்த்தது. குளிர் லத்தீன்காரர் வைத்தது. அந்தக் குளிராவது நிலைத்ததா என்றால், அதுவும் 2004இல் ஆட்டம் கண்டது. மடகாஸ்கரின் மேற்குக் காடுகளில் கொழுத்த வால் குள்ள லெமூர் என்றொரு சிறிய விலங்கு இருக்கிறது. வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மரப்பொந்துக்குள் நுழைந்தால் ஏழு மாதம் வெளியே வராது. அங்கே குளிர்காலம் என்று சொல்லப்படும் வறண்ட மாதங்களிலேயே பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். பொந்தின் சுவர் மெல்லியதாக இருந்தால், வெளி வெப்பத்தோடு சேர்ந்து அதன் உடல் வெப்பமும் ஒரே நாளில் 20 டிகிரி வரை ஏறி இறங்கும். காத்ரின் டவுஸ்மன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டபோது, குளிர் இல்லாத ஊரிலும் ஹைபர்னேஷன் உண்டு என்பது உறுதியானது. கடுங்கோடை போன்ற வெயிலில் கிடக்கும் லெமூருக்குக் ‘குளிர்கால உறக்கம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கரடி வேறு விதமாகக் குழப்புகிறது. அலாஸ்காவின் கருங்கரடிகளை வைத்து ஓய்விந்த் டோயன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் வளர்சிதை மாற்றம் கால்பங்காகக் குறைந்தது. நிமிடத்துக்கு 55 முறை துடித்த இதயம் சுமார் 14 முறைக்கு வந்தது. மாதக்கணக்கில் தின்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. அந்த நிலையிலேயே பெண் கரடி குட்டி போட்டுப் பாலும் கொடுக்கும். மனிதர் ஒருவர் கால் முறிந்து சில வாரம் படுத்திருந்தாலே காலில் ரத்தம் கட்டிவிடுமோ என்று மருத்துவர் பயப்படுவார். கரடிக்கு ஏன் கட்டுவதில்லை? 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் விடை வந்தது. ஸ்காண்டிநேவியாவின் பழுப்புக் கரடிகளின் ரத்தத் தட்டணுக்களில், உறைவதற்குத் துணைபோகும் எச்எஸ்பி47 என்ற புரதம் கோடையில் இருப்பதைவிடக் குளிர்காலத்தில் 55 மடங்கு குறைந்துபோகிறது. இதயம், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் தத்தம் வேலையைச் சுருட்டிவைத்துக்கொள்கின்றன. இதற்கு ‘உறக்கம்’ என்று பெயரிட்டால் படிக்கிற பிள்ளைக்குப் பாதி விஷயம் மறைந்துபோகும்.

விலங்கியலாளர்கள் இப்போது இதன் அடிப்படை நிலைக்கு ‘டார்ப்பர்’ என்கிறார்கள். மரத்துப்போதல் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. தொட்டவர் கையை மரக்கச் செய்யும் மின்திருக்கை மீனுக்கு ‘டார்ப்பிடோ’ என்று பெயர் வந்ததும் அந்த வேரிலிருந்துதான். அப்புறம் மீனின் பெயரைக் கடற்படைக்காரர்கள் ஆயுதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். டார்ப்பர் சில மணி நேரம் நீடித்தால் அன்றாட டார்ப்பர், நாட்கணக்கில் தொடர்ந்து பருவம் முழுக்க நீண்டால் ஹைபர்னேஷன். பெருவின் ஆண்டீஸ் மலையில் ஒரு வகை ஹம்மிங் பறவை இரவில் 3.3 டிகிரி வரை குளிர்ந்துபோய், விடிந்ததும் சூடேறிப் பூவுக்குப் பறக்கிறது. 2020இல் அளந்து சொன்னார்கள்.

இந்த டார்ப்பருக்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கட்சி. ‘ஒடுக்கம்’ இருக்கிறது.

கிராமத்தில் வயதானவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு “நாடி ஒடுங்கிப்போச்சு” என்பார்கள். மூச்சு ஒடுங்கும், குரல் ஒடுங்கும், காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஒடுங்கிப்போவான். சித்தர் சமாதியான இடத்தை ‘அவர் ஒடுங்கிய இடம்’ என்பது வழக்கம். ‘இறந்த இடம்’ என்று சொல்வதில்லை. உள்ளே ஏதோ இன்னும் இருக்கிறது என்ற நினைப்பு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வள்ளுவர் கையில் இது இன்னும் கூர்மை: ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’. சண்டைக் கடா பின்வாங்குவது ஓடுவதற்கு அல்ல, முட்டுவதற்கு. அதுபோன்றது ஊக்கமுடையவன் காலம் பார்த்து ஒடுங்கியிருப்பது. எழுந்து வருவதற்காகவே சுருங்கியிருத்தல் என்ற கருத்து இரண்டே அடியில் வந்துவிட்டது. வளைக்குள் கிடக்கும் அணிலுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல?

ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒடுக்கு என்பது பிறரைச் செய்வது, ஒடுங்கு என்பது தானே ஆவது. ஒடுக்கம் இரண்டாவதிலிருந்தும் வரும். அடங்கு, அடக்கம் மாதிரிதான். பக்கத்தில் ஓர் அணிலையோ கரடியையோ நிறுத்திவிட்டால் யாரும் அரசியலை நினைக்கப்போவதில்லை.

‘அறிதுயில்’ என்ற சொல்லையும் சிலர் விரும்புவார்கள். அழகான சொல்தான். ஆனால் அதில் பாம்பணைமேல் பெருமாள் ஏற்கெனவே படுத்திருக்கிறார், அவரை எழுப்பிவிட்டு அணிலைப் படுக்கவைப்பது சரிப்படாது. தவிர, அதிலும் துயில் இருக்கிறது. ‘தூக்கம்’ என்பதன் பழைய பொருளை எடுத்தால் மட்டும் ஒரு சின்ன வெற்றி கிடைக்கும். தூங்குதல் என்றால் முன்பு தொங்குதல். தூங்கணாங்குருவிக்குப் பெயர் வந்தது தொங்கும் கூட்டால். குகைக் கூரையில் மாதக்கணக்கில் தலைகீழாகக் கிடக்கும் வௌவால், அந்தப் பொருளில் நிஜமாகவே தூங்குகிறது!

அடுத்து ‘ஈஸ்டிவேஷன்’. லத்தீனில் கோடைக்கு ‘ஈஸ்டாஸ்’. பாடநூலில் கோடை உறக்கம், நம் கணக்கில் கோடை ஒடுக்கம். இது நம்மூர்ச் சரக்கு. சின்ன வயதில் வறண்ட குளத்தில் வண்டல் அள்ளும்போது மண்கட்டிக்குள்ளிருந்து நத்தை வரும். வாய் மூடி இறுகியிருக்கும், ஆட்டினால் கூழாங்கல் போல இருக்கும். வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், கொஞ்ச நேரம் கழித்து மூடி ஓரத்தில் ஒரு குமிழ் வரும். அப்புறம் மூடி மெல்ல விலகி, சாம்பல் நிறச் சதை எட்டிப்பார்க்கும். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழியின் முன்பகுதி பலருக்கு மறந்துவிட்டது: ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்’. மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் தவளையைப் பார்த்தவர்தான் அதைச் சொல்லியிருக்க முடியும்.

பெயரில் பருவத்தை ஒட்டவைப்பதை நான் தவிர்க்கச் சொல்வதற்குப் பரிணாமமும் ஒரு காரணம். 2020இல் மேகன் விட்னியும் கிறிஸ்டியன் சிடோரும் லிஸ்ட்ரோசாரஸின் தந்தங்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பாலூட்டிகளின் தூரத்து உறவு அது. அதன் எலும்புகள் நம் தாமோதர் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருக்கின்றன. அண்டார்டிகாவில் கிடைத்த தந்தங்களில், வளர்ச்சி நின்று நின்று தொடர்ந்த வளையங்கள் இருந்தன. ஒடுங்கும் விலங்குகளின் பற்களில் காண்பதுபோன்ற வளையங்கள். அதே 2020இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகக் குழு, ஹைபர்னேஷனே தெரியாத எலியின் மூளையில், ஹைப்போதலாமஸில் ஒரு நரம்புத் தொகுப்பைத் தூண்டியது. எலி பல நாட்கள் குளிர்ந்து, மூச்சு மெலிந்து கிடந்து, பிறகு சேதமில்லாமல் எழுந்தது. குளிர்நாட்டு விலங்குகளின் தனி வித்தை என்று நினைத்தது, மிகப் பழைய சொத்தாக இருக்கலாம் போலிருக்கிறது.

ஆகவே டார்ப்பர் ஒடுக்கம், அன்றாட டார்ப்பர் நாள் ஒடுக்கம், ஹைபர்னேஷன் நெடு ஒடுக்கம். குளிரால் வந்தது என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் பனி ஒடுக்கம். ‘நெட்டொடுக்கம்’ என்று புணர்த்தி எழுத இலக்கணம் இடம் கொடுக்கும், நாக்குதான் கொடுக்காது.

இந்த வேறுபாட்டை எப்போதோ ஏற்றுக்கொண்டவர்கள் கணினிக்காரர்கள். மடிக்கணினியை மூடும் பட்டியலில் ‘ஸ்லீப்’ ஒரு வரி, ‘ஹைபர்னேட்’ இன்னொரு வரி. முதலாவதில் மின்சாரம் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் நினைவில் இருந்ததை எல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு இயந்திரம் அணைந்துபோகும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தமிழாக்கும்போது இரண்டு வரியிலும் உறக்கத்தையே போட்டுவிட்டுத் திணற வேண்டாம். மேல் வரிக்கு உறக்கம், கீழ் வரிக்கு ஒடுக்கம்.