பிறையைப் பார்த்த பிறகு பெயர் சொல்லலாம்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வான்நோக்கல் நிகழ்ச்சிகளை நடத்தி வரும் எனக்கு ஒரு காட்சி நன்கு பழகிவிட்டது. பெற்றோர் பெருமையுடன் முன்னே நிறுத்த, ஐந்து வயதுக் குழந்தை புதன் முதல் நெப்டியூன் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதே குழந்தையிடம் மேற்கே சுடர்விடும் வெள்ளியைக் காட்டிக் கேட்டால், விமானம் என்று பதில் வரும். பாடத்தில் வரும் வெள்ளியும் மொட்டைமாடியில் தெரியும் வெள்ளியும் ஒன்றுதான் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே நான் கோள்களை ஒதுக்கிவிட்டு நிலாவிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றாம் பிறையன்று சூரியன் மறைந்ததும் மேற்கு அடிவானத்தில் பிறையைக் காட்டி, ஒரு நோட்டில் வட்டம் வரைந்து ஒளிரும் பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்வேன். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழுவதால், மாலையில் அதே நேரத்தில் பார்க்கும் குழந்தைக்கு அது நாளுக்கு நாள் கிழக்கே நகர்ந்து, அரைநிலாவாகும்போது உச்சிக்கு அருகிலும் முழுநிலாவாகும்போது கிழக்கு அடிவானத்திலும் தெரியும். அதன்பின் குழந்தை உறங்கிய பிறகே நிலா எழுவதால் பெரும்பாலான நோட்டுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மேற்கே பார்க்கச் சொன்னால், பகலில் நிலாவைக் கண்ட வியப்பிலேயே மீண்டும் வரையத் தொடங்கிவிடுவார்கள்.

நிலா ஏன் தேய்கிறது என்று கேட்கும் குழந்தைக்கு, பூமியின் நிழல் அதன்மேல் விழுகிறது என்று விளக்கும் பெரியவர்கள் ஏராளம். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. பூமியின் நிழல் நிலவின்மீது விழுவது சந்திர கிரகணத்தின்போதுதான், அதுவும் பௌர்ணமியன்று மட்டுமே. இருட்டறையில் ஒற்றை பல்பை எரியவிட்டு, குழந்தை ஒரு வெள்ளைப் பந்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்தபடி இடப்புறமாக மெல்லத் திரும்பினால், பந்தின் ஒரு பாதி எப்போதும் ஒளிர்வதையும், நம் கண்ணுக்கு அந்தப் பாதியில் எவ்வளவு தெரிகிறது என்பதே மாறுவதையும் தானே கண்டுகொள்ளும். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது பெரும்பாலும் பிடிபடுவதில்லை. அப்போது விளக்கத்தைத் தள்ளிப்போடலாமே தவிர, எளிமைக்காகத் தவறான காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது.

தொலைவையும் பந்துகளாலேயே காட்டலாம். பூமியைக் கூடைப்பந்தாகக் கொண்டால் நிலா ஏறத்தாழ ஒரு டென்னிஸ் பந்து. இரண்டையும் எவ்வளவு தள்ளி வைப்பது என்று கேட்டால் எல்லாரும் ஒரு முழ தூரத்தில் வைப்பார்கள். நிலவின் தொலைவாகிய 3,84,400 கிலோமீட்டர் பூமியின் விட்டத்தைப் போல் 30 மடங்கு என்பதால், டென்னிஸ் பந்தை ஏழு மீட்டருக்கு அப்பால், வகுப்பறையின் மறுகோடியில் வைக்க வேண்டும். அதைப் பார்த்துக் குழந்தைகளைவிடப் பெற்றோரே அதிகம் திகைக்கிறார்கள்.

விண்மீன்களுக்கு நம் மாதப் பெயர்களே நல்ல கைகாட்டி. கார்த்திகை மாதத்து முழுநிலா கார்த்திகை விண்மீன் கொத்தை ஒட்டியும், சித்திரை மாதத்து முழுநிலா சித்திரை விண்மீனை ஒட்டியும் நிற்பதால்தான் அம்மாதங்களுக்கு அப்பெயர்கள். முழுநிலவின் ஒளியில் கொத்து மங்கிவிடும் என்பதால், தீபத் திருநாள் முடிந்து நான்கைந்து நாள் கழித்து, தெருவிளக்கு இல்லாத இடத்தில், கண்கள் இருளுக்குப் பழக 20 நிமிடம் காத்திருந்து, கிழக்கே காட்டி எண்ணச் சொல்லுங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று விடை மாறுபடுவது இயல்பு. மற்றக் குழந்தைகள் புள்ளிகளாக எண்ணும்போது ஒரு குழந்தைக்கு மட்டும் வெறும் புகைபோலத் தெரிந்தால், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிவந்த குழந்தைகள் ராகு எங்கே என்று தவறாமல் கேட்பார்கள். சிரித்துத் தட்டிக்கழிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. ராகுவும் கேதுவும் பார்க்கக்கூடிய பொருள்கள் அல்ல, வானத்தில் சூரியனின் பாதையை நிலவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள் என்றும், அவற்றின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேரும்போதுதான் கிரகணம் வரும் என்றும் சொல்வேன். எட்டு வயதுக் குழந்தை இதை நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது.

தொலைநோக்கி வாங்கலாமா என்பது நிகழ்ச்சி முடிந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி. 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட கருவி பயனுள்ள வகையில் 100 மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டாது. பெட்டியின்மேல் 500 மடங்கு என்று அச்சிட்ட பொம்மைகளை வாங்க வேண்டாம். எந்தக் கருவியாக இருந்தாலும் பகலில் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அதன் வழியே சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை கருகலாம். விழித்திரைக்கு வலி உணர்வு இல்லாததால், குழந்தை அழாது, கண்ணை எடுக்கவும் எடுக்காது.