கிளாக்கை மெதுவாக்கினால் ஹோல்ட் பிழை போகாது

"சிப் வந்துவிட்டது, விடை தப்பாக வருகிறது. 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10-க்கு இறக்கியும் அதே தப்பு. 1-க்கு இறக்கிப் பார்க்கலாமா?" வேண்டாம், பயனில்லை. டேப்-அவுட்டுக்கு, அதாவது வடிவமைப்பை ஆலைக்கு அனுப்புவதற்கு, முந்தின வாரம் "25 பிக்கோசெகண்டு ஹோல்ட் மீறல்தானே, மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம்" என்று விட்டதன் பலன் இது. எத்தனை முறை சொன்னாலும் இந்த நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஹோல்ட் என்பது, கிளாக் விளிம்பு வந்த பிறகும் ஃபிளாப்பின் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) வாசலில் பழைய தரவு மாறாமல் இருக்க வேண்டிய நேரம். பொறுமையாக ஒரு முறை கூட்டிப் பாருங்கள். கிளாக் விளிம்பு முதல் ஃபிளாப்பை 0-இல் தொடுகிறது. 60 பிக்கோசெகண்டில் அதன் வெளியீடு மாறுகிறது. கம்பிக்கு 20. ஆக, 80-இல் புதிய தரவு இரண்டாவது ஃபிளாப்பின் வாசலில் நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கக் கிளாக் கிளை நீளம். அதே விளிம்பு அங்கே 90-இல்தான் போய்ச் சேர்கிறது. அதன் பிறகும் பழைய தரவு 15 அசையாமல் இருக்க வேண்டும், அதாவது 105 வரை. 80-லேயே மாறிவிட்டதே! 25 குறைகிறது. இந்தக் கணக்கில் சுழற்சி நேரம் எங்காவது வந்ததா? 1 கிகாஹெர்ட்ஸோ 1 கிலோஹெர்ட்ஸோ, அதே 25தான். செட்டப், அதாவது விளிம்புக்கு முன்பே தரவு வந்து நிற்க வேண்டிய நேரம், அடுத்த விளிம்போடு ஓடும் போட்டி, அங்கே மெதுவாக்கினால் நேரம் கிடைக்கும். ஹோல்டில் போட்டியே ஒரே விளிம்புக்குள். மின்னழுத்தத்தை மாற்றிச் சிலசமயம் ஓடவைக்கலாம். அதை நம்பி ஒரு பொருளை விற்க முடியாது.

ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் திறந்த மூலத் திட்டத்தில் கேரவல் சட்டகத்துக்கு (பயனரின் வடிவமைப்பைச் சுற்றி வரும் ஆயத்தச் சிப் கூடு) நடந்ததைப் பாருங்கள். ஜிபிஐஓ (சிப்பின் பொதுப்பயன் உள்ளீடு-வெளியீட்டுக் கால்கள்) அமைப்பு பிட்டுகள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஷிஃப்ட் ஆகிப் போகும். கிளாக்கும் கூடவே கை மாறும். நடுவில் லாஜிக் கிடையாது. ஆரம்பப் பதிப்புகளில் இங்கேதான் ஹோல்ட் தவறியது. எந்தக் காலில் பிட் நழுவுகிறது என்று அளந்து, அதற்கேற்பப் பிட் வரிசையை மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பின்னால் வந்த திருத்தம் எளியது: ஒவ்வொரு கட்டமும் தரவைக் கிளாக்கின் இறங்கு விளிம்பில் வெளியிடும். அரைச் சுழற்சி இடைவெளி கிடைத்துவிடுகிறது.

கிளாக் மரம் (எல்லா ஃபிளாப்புக்கும் கிளாக்கைக் கொண்டுசேர்க்கும் கிளைகள்) கட்டி முடித்ததும், நேரக் கணக்கில் அதன் உண்மையான தாமதங்களைச் சேர்க்கும் ப்ராபகேட்டட் கிளாக்குக்கு மாறுங்கள். ஐடியல் கிளாக்கிலேயே விட்டால் ஸ்கியூ (ஃபிளாப்புகளுக்குக் கிளாக் வந்துசேரும் நேர வேறுபாடு) பூஜ்யம், அறிக்கை சுத்தமாகத்தான் வரும். வேகக் கார்னரை (தயாரிப்பு, மின்னழுத்தம், வெப்பநிலை சேர்ந்து சிப் மிக வேகமாக ஓடும் நிலை) மட்டும் பார்த்து எழுந்துவிடாதீர்கள். கிளாக் பாதையும் தரவுப் பாதையும் ஒரே விகிதத்தில் மெதுவாவதில்லை, ஆகவே மெதுவான கார்னரிலும் ஹோல்ட் உடையும். முதன்மைக் கிளாக் கம்பிக்கு இரட்டை அகலம், இரட்டை இடைவெளி, மேல் உலோக அடுக்கு. சும்மா ஒரு ஆண்ட் கேட்டை வைத்துக் கிளாக்கை நிறுத்தாதீர்கள், க்ளிட்ச் (தேவையற்ற குட்டித் துடிப்பு) வரும். லாட்ச் உள்ளடங்கிய கேட்டிங் செல் நூலகத்திலேயே இருக்கிறது.

மீறலைச் சரிசெய்யத் தாமத பஃபரைத் தரவுப் பாதையில், பிடிக்கும் ஃபிளாப்புக்குப் பக்கத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் அங்கிருந்து பிரியும் மற்றக் கிளைகளின் செட்டப்பும் கெடும். போட்ட பிறகு செட்டப் ஸ்லாக்கை (மிச்சமுள்ள நேரம்) மறுபடி பாருங்கள். ஸ்கேன் சங்கிலி (சோதனைக்காக ஃபிளாப்புகளைக் கோர்த்த வரிசை) ஒரு கிளாக் டொமைனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் லாக்கப் லாட்ச் (தரவை அரைச் சுழற்சி பிடித்து வைக்கும் சுற்று) கட்டாயம்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மீறல் வரும் பாதைக்கு ஃபால்ஸ் பாத் (இந்தப் பாதையைச் சோதிக்காதே என்ற கட்டளை) எழுதி அறிக்கையைப் பச்சையாக்காதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அப்படி எழுதியே ஆகவேண்டும் என்றால், அந்தப் பாதை உண்மையில் ஏன் இயங்காது என்று அதே வரியில் குறிப்பு எழுதி, ஆர்டிஎல் (சுற்றின் நிரல் வடிவம்) எழுதியவரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.