ஷொக்குக்குள் ஒளிந்திருக்கும் காற்று

"மாமா, மற்ற மூண்டும் நல்லா நிக்குது. இந்தச் சில்லு மட்டும் பந்து மாதிரித் துள்ளுது." ஆரையம்பதியிலிருந்து வந்த மருமகன் காரைக் கவிழ்த்துக் காட்டினான். சுவிஸிலிருக்கும் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த ரிமோட் கார், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. கல்லடிக் கடற்கரையில் மணலைக் குவித்து அதன் மேலால் பாயவிட்டிருக்கிறான். அக்கா காரணத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்: கண்ணூறு. முதல்நாள் இரவே செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாராம். வீட்டில் எல்லோரும் இருமியதுதான் மிச்சம். நான் அந்தச் சில்லின் குலுக்கலை அடக்கும் ஷொக்கை, அதாவது ஸ்பிரிங்கும் ஒயிலும் சேர்ந்த உருளையை, கழற்றிக் காதோடு வைத்து அமுக்கினேன். "புளுக்" என்றது. கண்ணூறு இல்லை, காற்று.

ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அது மட்டும் இருந்தால் கார் துள்ளிக்கொண்டே போகும். அந்தச் சக்தியைச் சூடாக்கிக் கரைப்பது ஒயிலின் வேலை. சிறிய உருளை, அதற்குள் சிலிக்கோன் ஒயில், ஒரு தண்டு, தண்டின் நுனியில் துளை போட்ட பிஸ்டன். சில்லு மேலே ஏறும்போது ஒயில் அந்தத் துளைகளால் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். வாவியில் முழங்காலளவு தண்ணீரில் மெதுவாக நடந்தால் தண்ணீர் வழிவிடும், ஓடப் பார்த்தால் காலைப் பிடிக்கும். அதே கதைதான்.

போத்தலில் 350 என்று போட்டிருந்தது. அது பிசுக்குமையின், அதாவது ஒயில் ஓட எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு, அலகு சென்ரிஸ்ரோக்ஸ். 20 பாகை செல்சியஸில் தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட 1. சிலிக்கோன்தான் வேண்டுமா, தேங்காயெண்ணெய் விட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். தை மாதக் காலையில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்ததில்லையா என்றேன். சிலிக்கோன் ஒயில் வெயிலுக்கும் குளிருக்கும் அவ்வளவு மாறாது.

சரி, காற்றுக்கு வருவோம். ஒயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். ஒயிலில் குமிழிகள் கலந்திருந்தால் பிஸ்டன் முதலில் அவற்றைத்தான் நசுக்குகிறது. அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு ஷொக் இருந்தும் இல்லாத மாதிரி. அதுதான் துள்ளல்.

குமிழியை எப்படி வெளியே எடுப்பது? அது தானாகவே வரும், காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை 1851இல் ஸ்ரோக்ஸ் என்ற விஞ்ஞானி வெளியிட்ட விதி சொல்கிறது. சென்ரிஸ்ரோக்ஸில் இருப்பதும் அவருடைய பெயர்தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு கிளிசரினில் உருண்டை விழும் கணக்கு ஞாபகமிருக்கும். நான் படித்த பாடசாலையில் அந்த உருண்டை கரும்பலகையில் மட்டும்தான் விழுந்தது. பாடசாலைகளுக்குப் பெரிய திரைகள் வாங்கும் காசில் கொஞ்சத்தை எடுத்து ஒரு உயரமான கண்ணாடிக் குழாயும் ஒரு போத்தல் கிளிசரினும் வாங்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மனக்குறை. குமிழி அதே கணக்கின் தலைகீழ்: விழுவதற்குப் பதில் ஏறுகிறது. ஏறும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. 350 ஒயிலில் 1 மில்லிமீற்றர் குமிழி 3 சென்ரிமீற்றர் ஏற ஏறத்தாழ 20 விநாடி. அதில் பத்திலொரு பங்கு குமிழிக்கு அதைப்போல் நூறு மடங்கு, அரை மணித்தியாலத்துக்கு மேல்! பெரிய குமிழிகள் போனதும் வேலை முடிந்தது என்று மூடியைப் பூட்டுகிறோம். கண்ணுக்குப் புகைபோலத் தெரியும் அந்தச் சின்னக் கூட்டம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆகவே தண்டை முழுதாக வெளியே இழுத்துவைத்து ஒயிலை விட்டோம். பிஸ்டனை ஒயில் மட்டத்துக்கு மேலே வராமல் மெதுவாக ஏற்றி இறக்கினோம். துளைகளுக்கடியில் ஒளிந்திருந்த குமிழிகள் சோடாவைப் போல வரிசையாகக் கிளம்பின. அப்புறம் ஷொக்கை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போனோம்.

ஒயிலை விளிம்புவரை விட்டு அப்படியே மூடினால் இன்னொரு வில்லங்கம். 3 மில்லிமீற்றர் தடிப்பான தண்டு 25 மில்லிமீற்றர் உள்ளே போனால் ஏறத்தாழ 0.18 மில்லிலீற்றர் இடத்தைப் பிடிக்கும். மூன்று நான்கு துளிதான், ஆனால் நிரம்பிய உருளையில் அந்த நாலு துளிக்கு எங்கே இடம்? தண்டு பாதியிலேயே முட்டி நிற்கும். அதற்காகத்தான் இவனுடைய ஷொக்கில் மூடிக்கடியில் ஒரு மெல்லிய ரப்பர்க் கிண்ணம். அதன் பின்னால் கொஞ்சம் காற்று. தண்டு வர வரக் கிண்ணம் குழிந்து இடம்விடும். ஒயிலில் இருந்து துரத்திய அதே காற்று ரப்பருக்கு அந்தப் பக்கம் இருக்கத்தான் வேண்டும். எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கிண்ணத்தைச் சரித்து வைத்து, தண்டை மெல்ல உள்ளே தள்ளி, மிஞ்சிய ஒயிலை வழியவிட்டு மூடியைத் திருகினோம்.

காற்று எப்படி உள்ளே வந்தது என்பதும் தெரிந்தது. தண்டில் நகம் தடக்கும் அளவுக்குக் கீறல். முன்பொரு தரம் குறட்டால் பிடித்துத் திருகினானாம். அந்தக் கீறல், தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அரைத்து, ஒயிலை வெளியே விட்டுக் காற்றை உள்ளே எடுத்திருக்கிறது. பெட்டியோடு வந்த உபரித் தண்டையும் புது ஓ-ரிங்கையும் அதே ஒயிலைத் தடவிப் போட்டோம்.

முன்பக்கம் இரண்டையும் அருகருகே பிடித்து அமுக்கிவிட்டோம். புதிதாகச் செய்தது மெல்ல ஊர்ந்து வந்து பாதியில் நின்றது, சத்தமில்லை. நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்ன மற்றது "புளுக்" என்றது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் மறுபடி கேத்திலை அடுப்பில் வைத்தேன்.