இண்டெக்ஸ்: சொல்லடைவா, பொருளடைவா?

காரைக்குடி வட்டாரத்தில் அச்சாகும் கோயில் வரலாறு, ஊர் வரலாறு, குடும்ப வரலாறுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் நன்கொடையாளர் பட்டியல் தவறாமல் கண்ணில் படும். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று காட்டும் இண்டெக்ஸ் அபூர்வம். அது உள்ள நூல்களிலும் தலைப்பு ஒவ்வொன்றில் ஒவ்வொன்று: அட்டவணை, சொல்லடைவு, பெயரகராதி, சுட்டி.

இலத்தீனில் 'இண்டெக்ஸ்' என்றால் சுட்டிக்காட்டுவது. சுட்டுவிரலுக்கும் அதே பெயர். கத்தோலிக்கத் திருச்சபை 1559-இல் வெளியிட்டு 1966-இல் கைவிட்ட தடைநூல் வரிசைக்கும் 'இண்டெக்ஸ்' என்றே பெயர். சமய வரலாறு மொழிபெயர்ப்பவர்கள் அந்த இடத்தில் 'தடைநூற்பட்டி' என்று போட வேண்டும். 'அட்டவணை' என்று போட்டால் பொருள் கவிழ்ந்துவிடும்.

நூலின் கடைசியில் வரும் இண்டெக்ஸுக்குத் தமிழில் முன்பு வழங்கிய சொல் அகராதி. அகரம் ஆதியாக அடுக்கியது அகராதி. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) வந்த பிறகு அச்சொல் சொற்பொருள் நூலுக்கே உரியதாகிவிட்டது. ஆனாலும் உ.வே.சா. பதிப்புகளின் இறுதியில் வரும் 'அரும்பத முதலியவற்றின் அகராதி' சொல்லையும் பெயரையும் இடத்தையும் காட்டுவது. செயலில் அது இண்டெக்ஸேதான். இன்று அதே தலைப்பை இட்டால், அருஞ்சொற்பொருள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

அடைவு என்றால் முறை, ஒழுங்கு. (ஈழத்தில் 'அடைவு கடை' என்பது நகையை ஈடு வாங்கும் கடை. கொழும்பில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாரின், ஊரில் இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.) சொல்லடைவு என்பது ஒரு நூலின் சொற்கள் வரும் இடங்களை எல்லாம் தொகுப்பது, சங்கப் பாடல்களுக்கு அது வேண்டும். சமயம், வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வு நூலுக்கு வேண்டியது பொருளடைவு. செய்தி இருக்கும் பக்கத்தை அது காட்டும், அந்தச் சொல் அங்கே இல்லாவிட்டாலும். கணினி தேடித் தருவது சொல்லடைவு மட்டுமே.

நகரத்தார் வரலாறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களின் குலப்பிரிவுகள் கோயில்களின் பெயரால் அமைந்தவை. 'உறையூர்' என்று கணினியில் தேடினால் திருச்சி உறையூரும் வரும், மாத்தூர்க் கோயிலின் உட்பிரிவான உறையூரும் வரும். 'ஒக்கூர்' சிவகங்கை அருகே ஓர் ஊர். இளையாத்தங்குடிக் கோயிலின் ஒரு பிரிவும் கூட. ஆகவே பதிவு இப்படி இருக்க வேண்டும்: உறையூர் (ஊர்); உறையூர் (மாத்தூர்ப் பிரிவு). பிள்ளையார்பட்டியோ கல்வெட்டுகளில் எருக்காட்டூர், மருதங்குடி, இராசநாராயணபுரம் என்று வருகிறது. மூன்று பெயரையும் தனித்தனியே பதிந்து, எதிரே 'காண்க: பிள்ளையார்பட்டி' என்று மட்டும் போட்டு, பக்க எண்களைப் பிள்ளையார்பட்டிக்கு எதிரே சேர்ப்பதுதான் வழி.

ஆட்பெயர்தான் பெரிய தலைவலி. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாருக்குத் தகப்பனாரும் முத்தையா, மகனும் (1905–1984) முத்தையா. விலாசத்தை (இன்ன குடும்பம் என்று காட்டும் முன்னெழுத்துகளை) சேர்க்காமல் 'முத்தையா செட்டியார்' என்று ஒரே பதிவாகப் போட்டால் பாட்டனாரின் காரியமும் பேரனின் அரசியலும் ஒரே வரியில் கலந்துவிடும். பெயர் முதலில், விலாசம் அடுத்து, ஊர் அதற்கும் அடுத்து என்பதே பாதுகாப்பு. விலாசத்தை முன்னால் வைத்து அகரவரிசைப்படுத்தினால் ஆளைத் தேட முடியாது. 'செட்டியார்' என்பதன் கீழ் அடுக்கினால் நூலில் பாதி அந்த ஓர் எழுத்திலேயே வந்து நிற்கும்.

வரிசையிலும் கணினியை நம்ப வேண்டாம். யூனிகோடு எண்வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ. நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள, ற, ன என்று முடியும். அதனால் அபிடேகம், அறக்கட்டளை, அன்னதானம் என்று வர வேண்டியவை கணினியில் அன்னதானம், அபிடேகம், அறக்கட்டளை என்று வரும். கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

வேலையைப் பக்க அமைப்பு முடிந்து, இறுதி மெய்ப்பு (புரூப்) கையில் வந்த பிறகே தொடங்க வேண்டும். முன்பே தொடங்கினால், கடைசி நேரத்தில் ஒரு படம் சேர்ந்தாலும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். அணிந்துரைக்கு ரோமன் எண் கொடுத்துத் தனியே நிறுத்துவதும் இதற்காகத்தான். அணிந்துரை கடைசியில்தான் வந்து சேரும், அதுவும் நீளமாக. 300 பக்க நூலுக்கு 10 முதல் 15 பக்கப் பொருளடைவு போதும். ஒரு தலைப்பின் கீழ் ஆறேழு எண்ணுக்கு மேல் வரிசையாக நின்றால் துணைத்தலைப்பு பிரிக்க வேண்டும்: 'திருமணம்' என்று ஒன்றாகக் குவிக்காமல் சீர், இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்), மொய் எனத் தனித்தனியே. 16 பக்கம் ஒரு பாரம் என்பதால், கடைசிப் பாரத்தில் மீந்த நாலு பக்கத்துக்குள் பொருளடைவை அடக்கச் சொல்வார்கள். அப்போது முதலில் துணைத்தலைப்புகள் பறிபோகும். பக்கக் கணக்கு போடும்போதே இடம் ஒதுக்கிவிட்டால் இந்தப் பேச்சு எழாது.

ஆய்வு மாணவர்கள் சொல்லும் 'இண்டெக்ஸ் ஆன ஜர்னல்' வேறு சங்கதி. கட்டுரைகளைப் பதிந்துவைக்கும் தரவுத்தளத்தில் அந்த இதழ் இடம்பெற்றிருக்கிறது என்பதே அதன் பொருள். அதற்கு அடைவு பொருந்தாது. 'பட்டியலில் உள்ள ஆய்விதழ்' என்று சொல்லி, எந்தப் பட்டியல் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்ற ஆய்விதழ்களின் கேர் (CARE) பட்டியலைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டதால், 'கேர் பட்டியலில் உள்ளது' என்று இன்னமும் விளம்பரம் செய்யும் இதழுக்குக் கட்டுரைக் கட்டணம் கட்டும் முன் ஆய்வு நெறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.